காருக்குள் தங்கிவிட்ட வாடையை வேரோடு போக்குவது எப்படி?

கேள்வி இது: காருக்குள் கெட்ட வாடை. டேஷ்போர்டில் வாசனைப் புட்டி வைத்துப் பார்த்தாயிற்று, சமையல் சோடா தூவியாயிற்று, உள்பக்கம் முழுக்க ஷாம்பு போட்டுக் கழுவவும் கொடுத்தாயிற்று. பத்துப் பதினைந்து நாள் நன்றாக இருக்கிறது, பிறகு அதே வாடை திரும்பி வருகிறது. முழுசாகப் போக வழி உண்டா?

உண்டு. ஆனால் வேலையைச் செய்யும் வரிசை முக்கியம். நம் மூக்குக்கு எட்டுவது ஏதோ ஒரு பொருளிலிருந்து ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகள். அந்தப் பொருள் வண்டிக்குள் கிடக்கும் வரை காற்றை எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் அது மறுபடி நிரம்பிவிடும். எனவே முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து அங்கே கிடப்பதை வெளியே எடுக்க வேண்டும். கடைசியாக அந்த இடத்தை அடிவரை முழுக்க உலர்த்த வேண்டும். பெரும்பாலானோர் முதலாவதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள், மூன்றாவதைச் செய்வதே இல்லை. கழுவிய சில நாளில் வாடை திரும்புகிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கழுவிய தண்ணீர் உள்ளே காயாமல் நின்றுவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

அதற்குள் போகும் முன், இது அழுக்கு வாடைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில வாடைகள் வண்டியில் கோளாறு இருப்பதன் அடையாளம். அவற்றுக்குச் சோப்பும் தண்ணீரும் மருந்தல்ல. பெட்ரோல் நிரப்பி வந்த பத்து நிமிடம் லேசாக வாடை அடிப்பது வேறு, தினமும் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வருவது வேறு. இரண்டாவது என்றால் டேங்க் மூடியிலோ, பெட்ரோல் குழாயிலோ, ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டியிலோ கசிவு இருக்கலாம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். வாயுவில் ஓடும் வண்டியும் அப்படித்தான். அந்த வாயுவில் கசிவைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே நாறும் வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் கதவுகளைத் திறந்துவிட்டு விலகி நிற்க வேண்டும்.

புகை வாடையை நான் எல்லாவற்றையும்விட அதிகமாக அஞ்சுவேன். சைலன்சரில் ஓட்டை, டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங் தளர்வு, இப்படி ஏதாவது வழியாக எஞ்சின் புகை உள்ளே வந்தால், அதோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கென்று வாடையே கிடையாது. புகை வாடையோடு தலைவலி, தூக்கக் கலக்கம் என்று யாராவது சொன்னால் உடனே வண்டியை நிறுத்தி இறங்கிவிடுங்கள்.

லேசான இனிப்பு வாடை, கூடவே முன் கண்ணாடியின் உள்பக்கம் பிசுக்குப் படலம், முன் சீட்டின் கால் வைக்கும் இடத்தில் ஈரம் என்றால், ஹீட்டர் காயிலிலிருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிகிறது. கூலன்ட்டில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் நக்கிவிடும் ஆபத்தும் உண்டு. அழுகிய முட்டை வாடை அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வரலாம், சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலிருந்தும் வரலாம். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் ஒயரிங்கைப் பார்க்க வேண்டும். மேடு ஏறிய பிறகு மட்டும் கருகல் வாடை வந்தால் கிளட்ச் பிளேட்.

இவை எதுவும் இல்லை என்றால், தேடத் தொடங்கலாம்.

தேடுவதில் நம் மூக்கே நமக்கு எதிரி. தொடர்ந்து ஒரே வாடையில் இருந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதைப் பதிவு செய்வதை நிறுத்திவிடும். தினமும் அந்த வண்டியை ஓட்டுபவருக்குத்தான் அது கடைசியாகத் தெரியும். ஆகவே வாசனைப் பொருள்கள் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுங்கள். மேட், சீட் கவர், டிக்கியில் கிடக்கும் சாமான், கதவுப் பைகளில் உள்ள காகிதம் எல்லாம் வெளியே. கண்ணாடிகளை ஏற்றி வண்டியை இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள். சூடு ஏற ஏற ஆவியாவது கூடும். காலையில் ஒளிந்திருக்கும் வாடை மதியம் வெளியே வந்துவிடும். பிறகு அந்த வண்டியில் அதிகம் போகாத ஒருவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து முகரச் சொல்லுங்கள். எந்தக் கதவில் அதிகம், உயரத்திலா தரையிலா என்று கேளுங்கள்.

வாடை வரும் நேரமும் பாதி விடையைச் சொல்லிவிடும். ஏசி போட்ட முதல் அரை நிமிடம் மட்டும் ஈர வாடை அடித்துவிட்டுக் குறைந்தால், அது ஏசியின் கூலிங் காயில். கதவைத் திறந்த உடனே முகத்தில் அடித்தால் கார்பெட்டோ சீட்டோ. மழை பெய்த மறுநாள் மட்டும் கூடினால் எங்கோ தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஏசியை வெளிக்காற்று முறையில் வைத்தால் வந்து, உள்காற்றே சுழலும் முறைக்கு மாற்றினால் குறைந்தால், காற்று நுழையும் வாயில் ஏதோ கிடக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது. வண்டியைக் கழுவக் கொடுக்கும் முன் அவசியம் செய்யுங்கள்.

இடம் ஓரளவு தெரிந்ததும் கையை இறக்க வேண்டும். வெள்ளைத் துணி ஒன்றை நான்காக மடித்துக் கார்பெட்டின் மேல் வைத்து, அதன்மேல் முழங்காலை ஊன்றி உடல் எடை முழுவதையும் பத்து விநாடி கொடுங்கள். மேலே தொட்டால் உலர்ந்ததாகத் தெரியும் கார்பெட்டிலிருந்தும் துணியில் ஈரம் ஏறிவரும். முன்னால் இரண்டு இடம், பின்னால் இரண்டு இடம், சீட்டுக்கு அடியில், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். துணியில் ஏறும் நிறமும் சேதி சொல்லும். மழைத் தண்ணீர் என்றால் மங்கலான மண் நிறம், ஏசித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய நிறமில்லை, கூலன்ட் என்றால் பச்சையோ சிவப்போ நீலமோ, தொட்டால் வழவழப்பு.

முதலில் ஏசி. கூலிங் காயில் என்பது டேஷ்போர்டுக்குள் இருட்டில் இருக்கும், நெருக்கமான தகடுகள் கொண்ட ஒரு பெட்டி. ஏசி ஓடும்போது அது உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும். காற்றின் ஈரம் அதன்மேல் துளித்துளியாகப் படிந்து, ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டும். வண்டியை நிறுத்தியதும் குளிர்ச்சி போய்விடும், ஈரம் தங்கிவிடும். அதோடு தூசி, மகரந்தம், தோல் துகள். பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர இதைவிட வசதியான இடம் வண்டியில் வேறு இல்லை. அவை வெளிவிடும் சில பொருள்களை மனித மூக்கு அபாரமாகக் கண்டுபிடிக்கும். மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் தண்ணீரில் ஒரு லட்சம் கோடிப் பங்குக்குச் சில பங்கு இருந்தாலே நமக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத படலம் கூட, கழற்றிப் போட்ட ஈரக் காலுறை போல நாறுகிறது.

காயிலுக்கு முன்னால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பக்கவாட்டுப் பூட்டுகளை அழுத்தினால் கிளவ் பாக்ஸ் கீழே இறங்கும், உள்ளே ஒரு நீளமான மூடி தெரியும். வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள். ஊதித் தட்டி மறுபடி போடுவதை நான் ஏற்பதில்லை. மேல் தூசி போகும். மடிப்புகளுக்குள் ஏறிய ஈரமும் பூஞ்சையும் போகாது. சுமார் 15,000 கி.மீ. அல்லது ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான கணக்கு, தூசிச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே. கரி கலந்த, கறுத்த நிற ஃபில்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரணக் காகித ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், வாடையைப் பிடிக்காது. போடும்போது காற்று போகும் திசைக்கான அம்புக்குறியைக் கவனியுங்கள். பழையதை எடுத்ததும் அந்தப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள். இலை, எலி சேர்த்த பஞ்சு எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

ஃபில்டர் மாற்றியும் வாடை போகவில்லை என்றால் காயிலைக் கழுவ வேண்டும். அதற்கென்று நுரை வடிவில் கிளீனர் கிடைக்கிறது. நீளமான மெல்லிய குழாயோடு வரும். ஃபில்டர் பெட்டி வழியாகவோ அடியில் உள்ள வடிகுழாய் வழியாகவோ காயிலின் மேல் நேரடியாகப் படும்படி செலுத்த வேண்டும். ஏசித் திறப்புகளில் வெளியிலிருந்து அடிக்கும் ஸ்பிரேயில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது குழாயின் சுவரை நனைக்கும், காயிலைப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். நுரையைப் புட்டியில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவிட்டால், கரைந்த அழுக்கு கறுப்புத் தண்ணீராக அடியில் வடியும். அந்தத் தண்ணீரைப் பார்த்தால் வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு எல்லாக் கதவையும் திறந்து, ஏசியை அணைத்து, ப்ளோயரை மட்டும் உச்ச வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். ப்ளோயர் மோட்டார் மீது நேராக அடித்துவிடாதீர்கள்.

வடிகுழாய் அடைத்திருந்தால் இத்தனையும் வீண். புழுக்கமான நாளில் ஏசியை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை, ஆனால் முன்பக்கக் கார்பெட் ஈரமாக இருக்கிறது என்றால் குழாயில் அடைப்பு. மென்மையான மெல்லிய குழாயைக் கீழிருந்து நுழைத்து எடுக்கலாம். கம்பியைக் குத்தினால் காயிலில் ஓட்டை விழும்.

மறுபடி வராமல் இருக்க ஒரே பழக்கம் போதும். போய்ச் சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, வெளிக்காற்று முறையில் காற்றை ஓடவிடுங்கள். காயில் காய்ந்த நிலையில் வண்டி நிற்கும். எப்போதும் உள்காற்றையே சுழலவிட்டு ஓட்டுபவர்களின் வண்டியில்தான் இந்த வாடை அதிகம். மூச்சின் ஈரம் எல்லாம் உள்ளேயே சுற்றுகிறது.

இனி கார்பெட். உங்கள் பிரச்சினைக்கு விடை இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். நாம் பார்ப்பது மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய விரிப்பு மட்டும். அதற்கு அடியில் சத்தத்தைத் தடுப்பதற்காக இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு ஃபோமோ பஞ்சோ வைத்திருப்பார்கள். லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் கிடக்கும் அது. அடியில் இரும்புத் தகடு, மேலே விரிப்பு, அதற்கும் மேலே ரப்பர் மேட். காற்றே படாத இடம். ஈரமான பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை முளைக்கத் தொடங்கிவிடும். உள்பக்கம் ஷாம்பு போடும்போது தண்ணீரை ஊற்றித் தேய்த்து, மேலாக உறிஞ்சிவிட்டு, மாலையே வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் நடப்பது இதுதான். முதல் பத்து நாள் ஷாம்பு மணக்கும், பிறகு அடியில் வளர்ந்தது மணக்கும்.

கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு நீளமான பிளாஸ்டிக் பட்டை தெரியும். பெரும்பாலும் அது கிளிப்பில்தான் நிற்கிறது. விரல்களை அடியில் விட்டு நேர்மேலே இழுத்தால் கழன்றுவரும். கார்பெட்டின் ஓரம் அதற்கு அடியில்தான் செருகியிருக்கும். ஓரத்தைத் தூக்கி, கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டு ஃபோமைப் பிழிந்து பாருங்கள். விரல் நனைந்தால் இனி சந்தேகமே வேண்டாம்.

காய வைப்பதில்தான் பொறுமை வேண்டும். கதவைத் திறந்துபோட்டு ஒரு பகல் வெயிலில் நிறுத்தினால் மேல்விரிப்பு காயும், ஃபோம் காயாது. முதலில் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவமால், இனி வராது என்னும் அளவுக்கு, அழுத்தி அழுத்தி எடுங்கள். அடுத்து கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, இடையில் மரக்கட்டையோ காலி பாட்டிலோ முட்டுக்கொடுத்து, அந்த இடைவெளிக்குள் டேபிள் ஃபேன் காற்று நேராகப் போகும்படி வையுங்கள். இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் கிடைத்தால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அதை உள்ளே ஓடவிடுவது இன்னும் வேகம். வண்டியிலேயே ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் சூடான உலர்ந்த காற்று வரும், அதுவும் உதவும். ஆனால் மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடவே கூடாது. ஃபோம் கறுத்து, பிய்த்தால் உதிரும் நிலைக்கு வந்திருந்தால் அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவதே மேல்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் காய வைத்தால் அடுத்த மழையில் மறுபடி அதே கதை. வைப்பருக்குக் கீழே உள்ள தட்டில் இலை குவிந்து வடிகால் அடைத்திருக்கும். கூரையில் திறக்கும் கண்ணாடி உள்ள வண்டியில் அதன் மூலைகளிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய்கள் அடைத்திருக்கும். கதவின் அடி விளிம்பில் சிறு வடிதுளைகள் உண்டு, அவை மண்ணால் மூடியிருக்கும். கதவுப் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்தால், கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியே போகாமல் கார்பெட்டுக்குப் போகும்; ஸ்பீக்கர் மாற்றும்போது இதைக் கிழித்துவிடுவது சகஜம். ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் நின்றால் பின்விளக்கின் ரப்பர் ஓரத்தைப் பாருங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் மெதுவாகத் தண்ணீர் விட்டால் கசிவு அகப்பட்டுவிடும். மேலிருந்து மொத்தமாக ஊற்றினால் எது என்றே தெரியாது.

கொட்டிய பொருள்களில் மோசமானது பால். கொட்டிய அன்று ஒன்றும் தெரியாது. அதன் கொழுப்பை பாக்டீரியா உடைக்க உடைக்க பியூட்டிரிக் அமிலம் வெளிவரும். வாந்தியின் அந்தக் குமட்டும் புளித்த வாடைக்கும் இதே அமிலம்தான் காரணம். புரதம் வேறு நூலிழைகளில் பற்றிக்கொள்ளும். பாலின் மேல் வெந்நீர் ஊற்றக் கூடாது, புரதம் இறுகிவிடும். கொட்டிய உடனே பார்த்தால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள், துடைத்தால் பரவும். குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு வேக்குவமில் உறிஞ்சுங்கள்.

பழைய கறைக்கு என்சைம் கிளீனர்தான் வழி. புரதம், கொழுப்பு, மாவுப்பொருள் மூன்றையும் சிறு துண்டுகளாக அது வெட்டிவிடும், பிறகு தண்ணீரோடு வந்துவிடும். இதைப் பயன்படுத்தியும் பலனில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மேலாக ஸ்பிரே அடித்து ஐந்து நிமிடத்தில் துடைத்திருப்பார்கள். பால் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் மருந்தும் போக வேண்டும். பல மணி நேரம் ஈரமாகவும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வைத்தால் காயாமல் இருக்கும். அதற்கு முன்போ பின்போ கிருமிநாசினி, வினிகர், வெந்நீர் சேர்த்தால் என்சைம் செயலிழக்கும். பிறகு உறிஞ்சி எடுத்து, மேலே சொன்னபடி உலர்த்துங்கள். வேலை நடக்கும்போது வாடை சற்றுக் கூடும். பயப்பட வேண்டாம்.

வாந்திக்கும் இதே முறை. கெட்டியானதை வழித்தெடுத்த பிறகு சமையல் சோடா இங்கே உண்மையிலேயே பயன்படும், அமிலத்தை முறிக்கும். சிறுநீர் வேறு வகை. அதிலுள்ள யூரியாவை பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றுகிறது, யூரிக் அமிலமோ தண்ணீரில் எளிதில் கரையாமல் படிகமாகத் தங்குகிறது. புழுக்கம் கூடிய நாளில் அது மறுபடி ஈரம் குடித்து நாறும். வளர்ப்பு விலங்குகளின் சிறுநீருக்கென்றே வரும் என்சைம் கிளீனரை வாங்குங்கள். மீன் கவிச்சிக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன் காரத்தன்மை உள்ளது. ஆகவே அங்கே சோடாவைவிட, நீர்த்த வினிகரோ எலுமிச்சைச் சாறோ சரியான மருந்து.

சிகரெட் வாடைக்கு ஓர் இடம் கிடையாது, அதுதான் சிக்கல். புகையில் உள்ள தாரும் நிக்கோட்டினும் கூரை, கண்ணாடி, பிளாஸ்டிக், சீட் பெல்ட் என்று எல்லாப் பரப்பிலும் மஞ்சள் படலமாகப் படிந்திருக்கும், ஏசிக் குழாய்க்குள்ளும்கூட. முன் கண்ணாடியின் உள்பக்கத்தை ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள், துணி தேநீர் நிறத்துக்கு வரும். துணியில் அந்த நிறம் வருவது நிற்கும் வரை எல்லாப் பரப்பையும் துடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். கூரைத் துணியில் மட்டும் நேராக ஸ்பிரே அடிக்கக் கூடாது, நனைக்கவும் கூடாது. அதை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போய்த் துணி தொங்கிவிடும். மைக்ரோஃபைபர் துணியில் கிளீனரை எடுத்து லேசாக ஒற்றுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, மேலே ஒரு கிளிப் போட்டு நிறுத்தி, மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பெல்ட்டில் ப்ளீச் பட்டால் அதன் நூல் வலுவிழக்கும், உயிர் விஷயம் அது. ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

வாடை ஓரிரு நாளில் திடீரென்று வந்து, நாளுக்கு நாள் ஏறி, குடலைப் புரட்டுகிறது என்றால் எலி செத்திருக்கும். ஃபில்டர் பெட்டி, எஞ்சின் மூடிக்கு அடியில் உள்ள பஞ்சு, சீட்டுக்கு அடி, டிக்கியின் பக்கவாட்டு உறைக்குப் பின்புறம் என்று தேடுங்கள். ஈ எங்கே மொய்க்கிறது என்று பார்ப்பது நல்ல வழி. குறுகிய இடத்துக்கு, போனில் இணைக்கும் நீளக் குழாய்க் கேமரா உதவும். கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். உலர்ந்த எச்சத்தைப் பெருக்கவோ வேக்குவம் செய்யவோ கூடாது, நோய்க்கிருமி காற்றில் பறக்கும். கிருமிநாசினியால் நனைத்து, ஊறவிட்டு, காகிதத்தால் எடுத்து உறையில் கட்டிப் போடுங்கள். ஒயரை எங்காவது கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இப்போது, எல்லோரும் சொல்லும் பொருள்களைப் பற்றி. சமையல் சோடா கெட்ட பொருளல்ல. உலர்ந்த துணிப்பரப்பில் மெல்லியதாகத் தூவி, இரவு முழுக்க விட்டு, வேக்குவமில் எடுத்தால் மேல்பரப்பில் உள்ள அமில வாடை குறையும். ஆனால் ஃபோமுக்குள் இருப்பதை அது எட்டாது. ஈரத்தில் தூவினால் வெள்ளைக் கட்டியாகி நூலிழையில் ஒட்டிவிடும். செயலூட்டிய கரி இதைவிட மேல். ஒரு கிராம் கரியின் உள்துளைகளை விரித்தால் 500 சதுர மீட்டருக்கும் அதிகமான பரப்பு இருக்கும். வாடை மூலக்கூறுகள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். மூலத்தை எடுத்த பிறகு மிச்சமுள்ள லேசான வாடைக்கு ஒரு பை கரியைச் சீட்டுக்கு அடியில் வைக்கலாம். சாதாரண அடுப்புக் கரி அந்த வேலையைச் செய்யாது. காபித்தூள், வெட்டிய ஆப்பிள், வெங்காயம் எல்லாம் தேவையில்லை. ஈரம் ஏறினால் அவையே பூஞ்சை பிடிக்கும்.

வாசனைப் புட்டி எதையும் போக்குவதில்லை, இரண்டு வாடையும் கலந்து மூன்றாவது ஒன்று வரும், அவ்வளவுதான். சூட்டில் அது பல மடங்கு வேகமாக ஆவியாகும். வண்டியில் தலைவலி, வாந்தி என்று குழந்தைகள் சொல்வதற்குப் பல நேரம் இதுவும் ஒரு காரணம். சுத்தம் செய்த பிறகு ஆசைக்கு வைப்பது உங்கள் விருப்பம். தேடி முடிக்கும்வரை மட்டும் வேண்டாம்.

ஓசோன் இயந்திரம் கடைசி ஆயுதம், முதல் ஆயுதம் அல்ல. வாடை மூலக்கூறுகளை அது உண்மையிலேயே சிதைக்கும், ஏசிக் குழாய்க்குள்ளும் போகும். ஆனால் நனைந்த ஃபோமுக்குள் ஊடுருவாது. சிகரெட் படலத்தைத் துடைக்காமல் ஓசோன் விட்டால் ஃபார்மால்டிஹைடு போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் புதிதாக உருவாகும். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும். இயந்திரம் ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது, முடிந்ததும் எல்லாக் கதவையும் திறந்து ஒரு மணி நேரமாவது விட வேண்டும். நீண்ட நேரம் விட்டால் ரப்பரில் வெடிப்பு விழும். எனவே குறைந்த நேரம், ஒருமுறை, எல்லா வேலையும் முடிந்த பின். ப்ளீச்சைக் காருக்குள் கொண்டுவரவே வேண்டாம். துணி நிறம் போவது இருக்கட்டும், சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு. இரண்டும் மூடிய இடத்தில் ஆளை வீழ்த்தக்கூடியவை.

சீட்டைக் கழற்ற வேண்டி வந்தால், அடியில் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும் இணைப்புகள் ஏர்பேக்குக்கும், மோதலின்போது சீட் பெல்ட்டை இறுக்கும் கருவிக்கும் போகின்றன. சாவியை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து பிறகே அவற்றைத் தொட வேண்டும். இணைப்பு இல்லாத நிலையில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டின் முதுகுப் பகுதியிலும், சூடாக்கும் கம்பி உள்ள சீட்டிலும் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஹைப்ரிட் வண்டியில் பின்சீட்டுக்கு அருகே பேட்டரிக்குக் காற்று போகும் திறப்பு இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் கவனம்.

இதெல்லாம் நீங்களே செய்ய முடியாது, கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால், உள்பக்கம் கழுவித் தாருங்கள் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். சீட்டைக் கழற்றுவீர்களா, கார்பெட்டைத் தூக்கி அடியில் பார்ப்பீர்களா, எதை வைத்து எத்தனை நாள் உலர்த்துவீர்கள், ஏசி காயிலுக்கு நுரையை எந்த வழியாகச் செலுத்துவீர்கள் என்று கேளுங்கள். காலையில் கொடுத்தால் மாலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் இடத்தில் ஃபோம் காயாது. வண்டியை இரண்டு மூன்று நாள் விட்டுப் போகச் சொல்லும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கார்பெட்டைத் தூக்கிய நிலையில் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திருப்பி எடுக்கும்போது வாசனை ஸ்பிரே எதையும் அடிக்காமல் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாடை மிச்சம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.